பகுபத உறுப்பிலக்கணம் தருக

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம் அது. முல்லையாற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தென்னந்தோப்பில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கால் நட்டு, சங்கிலி மாட்டி, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினார்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பெண்ணும் ஒருத்தி. தோப்பு அவள் பெரியப்பாவுடையது. மெக்கானிக் நாலைந்து தடவை ‘சம்மர்சிபிள்’ என்று சொல்லக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், சம்மர்ல தண்ணி கீழ போயிருது, அப்பதான் இந்த மோட்டார் வேணும். அதனாலதான் சம்மர்சிபிளா?”

மெக்கானிக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்காக நான் பல வருடங்களாகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கண்ட விடை தவறு. ஆனால் ஒரு ஆங்கிலச் சொல்லை உடைத்துப் பார்க்கலாம், உள்ளே வேறொரு சொல் இருக்கும், அந்த உள்சொல்லுக்கும் கண்முன்னால் இருக்கும் பொருளுக்கும் உறவு இருக்கும் என்று யாரும் சொல்லித்தராமலேயே அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சொல்லாராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

தென்னங்கீற்றுக் காம்பால் மண்ணில் எழுதிக் காட்டினேன். அது சம்மர் இல்லை, சப்மெர்சிபிள். ‘சப்’ என்றால் கீழ். ‘மெர்ஜ்’ என்பது லத்தீன் வேர், மூழ்குதல். அது சில இடங்களில் ‘மெர்ஸ்’ என்று திரியும். ‘இபிள்’ என்பது வல்லது, கூடியது. கீழே மூழ்கி இருக்க வல்லது. “நீர்மூழ்கி!” என்றாள். ஆமாம். “அப்ப சப்மரீன்?” அதிலும் ‘சப்’ இருக்கிறது, ஆனால் ‘மரீன்’ வேறு, அது கடல். தமிழில் இரண்டையும் நீர்மூழ்கி என்கிறோம், ஆங்கிலத்தில் வேர்கள் வேறு. பிறகு நானே ஒன்றைக் கேட்டேன். மூழ்கிக் கிடந்தது மேலே வந்தால்? ‘எ’ என்றால் வெளியே. எ, மெர்ஜ்: எமர்ஜ். எதிர்பாராமல் வெளியே தலைகாட்டுகிற நிலைமைதான் எமர்ஜென்சி. ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு விளக்கின் கீழ் எழுதியிருக்கிறதே, அதே சொல். அதற்குள் கடைசிக் குழாயும் வந்து மோட்டாரின் தலை தெரிந்தது. “அப்ப மோட்டார் இப்ப எமர்ஜ் ஆகுதுங்க சார்” என்றார் மெக்கானிக். அவர் எட்டாவதோடு நின்றவர். அதைவிடச் சரியாக அந்தச் சொல்லை யாரும் ஆண்டு நான் கேட்டதில்லை.

நான் தமிழ்வழியில் படித்தவன். எங்கள் பள்ளியில் காலை இரண்டாவது பிரிவேளை தமிழ், மதியம் முதல் பிரிவேளை ஆங்கிலம். காலையில் ‘பகுபத உறுப்பிலக்கணம் தருக’ என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. படித்தான் என்று கொடுப்பார்கள். படி என்பது பகுதி, த் சந்தி, இன்னொரு த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. கை தானாக எழுதும். கொஞ்சம் கஷ்டமானது வந்தான். வா என்பது வ எனக் குறுகியது விகாரம், த் என்பது ந் ஆனது விகாரம். ‘விகாரம்’ என்று எழுதத் தெரிந்தவன் கெட்டிக்காரன். மத்தியானம் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களைப் பத்துப் பத்தாக மனப்பாடம் செய்வோம். ரிசீவ் என்றால் பெறு. அக்செப்ட் என்றால் ஏற்றுக்கொள். கேப்சர் என்றால் பிடி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கல். எழுத்துக் கூட்டலில் தப்புக்கு ஒன்று வீதம் புறங்கையில் அடி விழும். ரிசீவில் இ முதலா ஐ முதலா என்று தெரியாமல் நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை.

அந்த மூன்று சொல்லும் ஒரே வேர் என்று கல்லூரி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மதுரையில் நடைபாதைக் கடையில் வாங்கிய நார்மன் லூயிசின் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ என்ற புத்தகம் கதவைத் திறந்தது. 1949இல் வந்த அமெரிக்கப் புத்தகம் அது, இன்றும் இந்திய ஊர்களில் போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுந்தது. கேப் என்னும் லத்தீன் வேருக்குப் பிடி, கொள் என்று பொருள். அது செப்ட் ஆகும், சீவ் ஆகும், சிப் ஆகும். மருத்துவர் சீட்டில் ‘இதைக் கொள்க’ என்று எழுதியதுதான் ரெசிபி, பிறகு அது சமையலுக்குப் போனது. வா என்பது வந்தான், வருவான், வாராய் என்று வ, வரு, வார் ஆவதுபோலத்தான் கேப் என்பதும் திரிகிறது. காலையில் நாங்கள் அச்சமில்லாமல் ‘விகாரம்’ என்று எழுதினோமே, அதே விகாரம். காலைப் பாடத்தின் சாவி மதியப் பூட்டுக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. தமிழாசிரியருக்கு ஆங்கிலம் தன் வேலை இல்லை. ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ் இலக்கணம் பழைய பஞ்சாங்கம்.

பவணந்தியார் நன்னூலில் பதவியல் என்று ஒரு இயலையே வைத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டு நூல் அது. பிரிக்க முடியாதது பகாப்பதம், பிரிக்கக் கூடியது பகுபதம். பிரித்தால் கிடைப்பவை பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு. சொல் என்பது கட்டப்பட்ட ஒன்று, கட்டியதை அவிழ்க்கலாம் என்ற அறிவு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப்பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. உலகத்தில் பல நாடுகளில் பள்ளிப்பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. இவ்வளவு பெரிய சொத்தை இரண்டு மதிப்பெண்ணுக்கு அடகு வைத்திருக்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் புணர்ச்சி. செம்மை என்ற பண்பு மண்ணோடு சேர்ந்தால் செம்மண். தாமரையோடு சேர்ந்தால் செந்தாமரை. கல்லோடு சேர்ந்தால் செங்கல். ம், ந், ங் என்று மெய் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்று கேட்டால் பிள்ளைகள் விதியைச் சொல்வார்கள். விதியை விடுங்கள், வாயில் வைத்துச் சொல்லிப்பாருங்கள் என்பேன். மகரத்துக்கு உதடு மூடுகிறது, தகரத்துக்கு நாக்கு பல்லைத் தொடுகிறது, ககரத்துக்கு அடிநாக்கு எழுகிறது. வரப்போகும் எழுத்துக்கு முன்னால் இருக்கும் மூக்கொலி வழிவிட்டு நிற்கிறது.

இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். இல்லை என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு ‘இன்’. கரெக்டுக்கு முன்னால் வந்தால் இன்கரெக்ட். பாசிபிளுக்கு முன்னால் இம்பாசிபிள், பகரத்துக்கு உதடு மூடவேண்டுமே! லீகலுக்கு முன்னால் இல்லீகல். ரெகுலருக்கு முன்னால் இர்ரெகுலர். நான்கு முன்னொட்டு என்று நான்கு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒரே முன்னொட்டுத்தான், புணர்ச்சியில் திரிந்திருக்கிறது. கூட, சேர்ந்து என்னும் பொருளில் வரும் ‘கம்’ என்பதும் அப்படித்தான். கம்பைன், கனெக்ட், கலெக்ட், கரெக்ட். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதும், சொல்லும் தொடரும் சேர்ந்து சொற்றொடர் ஆவதும் தெரிந்த பிள்ளைக்கு இது அன்னியமா? ரோமாபுரிக்காரன் வாய்க்குள்ளும் இருந்தது நம் வாய்க்குள் இருக்கும் அதே நாக்குதான்.

கலெக்ட் என்றதும் கலெக்டர். லெக்ட் என்றால் பொறுக்கு, திரட்டு. சேர்த்துத் திரட்டுபவர், அதாவது வரி தண்டுபவர். மாவட்ட ஆட்சியர் என்ற அழகான பெயர் வந்துவிட்டாலும் பழைய சொல் தன் தொழிலை ஒளிக்கவில்லை. செலக்ட், எலெக்‌ஷன் எல்லாவற்றிலும் அந்தப் பொறுக்குதல் இருக்கிறது. பொறுக்கி எடுத்தல் என்ற சொல் தேனிப்பக்கம் பருத்திக்காட்டில் இன்னும் வழக்கில் உண்டு.

எல்லாம் ஒன்றுபோல என்றும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு மொழிகளும் கட்டுகிற திசை வேறு. தமிழ் பின்னால் கட்டும். முடி, முடியும், முடியாது, முடியாதவர்களுக்காக. வேர் தலையில் அசையாமல் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் தொடுத்த சரம். லத்தீனிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களில் வேர் நடுவிலோ கடைசியிலோ மறைந்திருக்கும். இம்பாசிபிளில் இல்லை என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழ்ப்பிள்ளை பழக்கத்தால் முதல் எழுத்துகளில் வேரைத் தேடி ஏமாறுகிறது. ‘ஏய்யா, தலையைப் பாக்காத, இடுப்பைப் பாரு’ என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்மிடமும் முன்னால் வருபவை இல்லாமல் இல்லை. அ, இ சுட்டு. எ வினா. அங்கு, இங்கு, எங்கு. இதை ஆறாம் வகுப்பில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் தேர், ஹியர், வேர் என்று எழுதிப் பாருங்கள். தென், வென். தட், வாட். தூரத்துக்கு ஒரு முதலொலி, அருகுக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று. இரு மொழிக்கும் இதில் உறவு எதுவும் கிடையாது. ஆனால் மனிதர்கள் விரல் நீட்டிக் காட்டுகிற விதம் ஒன்றுபோல இருந்திருக்கிறது. வகுப்பில் இதை எழுதிய அன்று, எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன் எழுந்து கரும்பலகைக்கு வந்து ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்தான்.

உறவே உள்ள இடமும் உண்டு. நேர் உறவு இல்லை, வடமொழி வழியாக வந்தது. நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்பவை ரோமர்களின் பழைய ஆண்டில் ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாதங்கள். அப்போது ஆண்டு மார்ச்சில் பிறந்தது. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் கூடாது என்று சொல்லும் பாட்டிக்கு அக்டோபர் நவம்பரின் பொருள் தெரிந்துதான் இருக்கிறது. குரு ஓரை, சுக்கிர ஓரை என்கிறோமே, அந்த ஓரை கிரேக்க மொழியிலிருந்து வடமொழிக்கு வந்து நமக்கு வந்தது. அதே கிரேக்கச் சொல் மேற்கே போய் ஆங்கிலத்தில் ‘அவர்’ ஆனது, மணி நேரம். சைக்கிளும் சக்கரமும் ஒரே மூதாதையின் பேரப்பிள்ளைகள். ஆங்கில வீல் என்பதும் அவர்களுக்குப் பங்காளி. பெடலில் இருப்பது பாதத்தின் உடன்பிறப்பு. எங்கள் தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடையில் நின்றபடி இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். பாதம் என்பதில் ப, லத்தீன் பெட் என்பதிலும் ப, ஆங்கில ஃபுட் என்பதில் ஃப. பிதா, பேட்டர், ஃபாதர். பஞ்ச, பென்ட்டா, ஃபைவ். ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல். வரிசையாக நடந்தால் விதி. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் யாக்கோபு கிரிம் 1822இல் இந்த விதியை விரிவாக எழுதினார். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அதை விளக்க ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. கம்பத்திலும் அதைச் சுற்றியும் வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பூ, ஹூவு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. நம் பகரம் அங்கே ஹகரம் ஆவதும், லத்தீனில் பகரம் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃபகரம் நிற்பதும் ஒரே வகை நடப்பு.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பாண்டிய மன்னன் ஒருவன் பார்வை இழந்து வந்து கௌமாரியையும் கண்ணீஸ்வரரையும் வணங்கிப் பார்வை பெற்றான் என்பது தலக்கதை. அதனால் வீரபாண்டி. வீர என்ற வடசொல்லுக்கு லத்தீனில் உடன்பிறந்தது ‘விர்’, ஆண்மகன், மனிதன். அதிலிருந்துதான் வர்ச்சு, நற்குணம் என்ற ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் விர்ருக்கு உடன்பிறந்தது ‘வேர்’. மனிதன் என்னும் அந்த வேரும், காலம் என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் ஒட்டித்தான் வேர்ல்ட் என்ற சொல் பிறந்தது. மனிதரின் காலம் என்பதே அதன் முதற்பொருள். கோயில் திருவிழாவில் கம்பம் நட்டு முல்லையாற்றுத் தண்ணீர் ஊற்றும் கூட்டத்தில் நின்றபோது, இந்த ஊரின் பெயருக்குள் உலகம் என்ற சொல்லின் ஒரு துண்டு கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். வைரஸ் என்பதையும் இந்த விர்ரோடு சேர்த்துவிடாதீர்கள். அதன் உறவு விஷம். லத்தீனில் வைரஸ் என்றாலே நஞ்சு. 2020இல் ஊரே கதவடைத்துக் கிடந்தபோது பிள்ளைகளுக்கு நான் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்த முதல் சொல் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும், அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மனம் கனக்கிறது. எட்டிலிருந்துதான் எய்ட் வந்தது, ஒன்றிலிருந்துதான் ஒன் வந்தது, ஆங்கிலமே தமிழின் பிள்ளை என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தமிழின் மேல் உள்ள அன்பால் பேசுகிறார்கள், எனக்கும் அந்த அன்பு உண்டு. ஆனால் எட்டு என்பதன் வேர் எண். எண்பது, எண்ணூறு என்னும்போது அது வெளியே தெரியும். ஆங்கில எய்டில் எழுதி உச்சரிக்காமல் விடும் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் பழைய தொண்டை ஒலியின் தடம். ஆக்டோ, அஷ்ட என்பவற்றோடு அதை இணைப்பது அந்தத் தடம்தான். மேலே பார்த்தால் ஒரே முகம், வேரைத் தோண்டினால் இரண்டு தனி மரங்கள்.

தேவநேயப் பாவாணரை நினைக்காமல் வேர்ச்சொல்லைப் பற்றி எழுத முடியாது. 1902இல் பிறந்தவர், பள்ளியாசிரியராகத் தொடங்கி வாழ்நாள் முழுக்கச் சொல்லின் வேரைத் தேடியவர். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநர் ஆனார். 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டில் பேசியபின் உடல்நலம் குன்றி அங்கேயே மறைந்தார். தமிழே உலக முதன்மொழி என்ற அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஒலி ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பது என் துணிபு. ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லைக் கையில் வாங்கி, அது எந்தச் செயலிலிருந்து, எந்தத் தொழிலிலிருந்து பிறந்தது என்று அவர் பார்த்த பார்வை என் வகுப்பறையின் அடித்தளம். அவருக்கு முன்னாலேயே, 1816இல், சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி தெலுங்கு இலக்கண நூல் ஒன்றுக்கு எழுதிய முகவுரையில் தெலுங்கு, தமிழ், கன்னட வேர்களை அருகருகே வைத்துக் காட்டி, இவை வடமொழியிலிருந்து பிறக்காத தனிக்குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதற்கு 40 ஆண்டு கழித்து, 1856இல் வந்தது. தென்னாட்டு மொழிகளின் உறவு கண்டுபிடிக்கப்பட்டதே வேர்ப்பட்டியலை வைத்துத்தான்.

வேரைப் பிடித்தால் எல்லாச் சொல்லும் திறந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். ஒருமுறை தேனி–கம்பம் சாலையில் பெட்ரோல் லாரி ஒன்றின் முதுகில் இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருந்தது. கூட வந்த பையன், “இன் வந்திருக்கு, அப்ப தீப்பிடிக்காது சார்” என்றான். நான் பதறிவிட்டேன். அந்த ‘இன்’ இல்லை என்ற பொருளில் வருவது இல்லை, உள்ளே என்ற பொருளில் வருவது. உள்ளே தீ புகும், பற்றிக்கொள்ளும். வேரும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும்: பெடலில் இருப்பது பாதம். பீடியாட்ரிக்கில் இருப்பது கிரேக்கக் குழந்தை. அதனால் வேர் தெரிந்தாலும் அகராதி கையில் வேண்டும். தமிழிலும் அப்படித்தானே! உண்ணி என்றால் ஆட்டின் காதில் ஒட்டும் பூச்சி, தாவரவுண்ணி என்றால் அந்த ஆடேதான்.

தாவரவுண்ணி, ஊனுண்ணி, அனைத்துண்ணி. இந்தச் சொற்களை நம் பாடநூல்களில் எழுதியவர்களை நான் கும்பிடுகிறேன். ஆங்கிலத்தில் ஹெர்பிவோர், கார்னிவோர், ஓம்னிவோர். வோர் என்றால் விழுங்கு. வேருக்கு வேர் வைத்துப் பெயர்த்திருக்கிறார்கள். போட்டோ ஒளி, சிந்தசிஸ் சேர்த்து வைத்தல், ஒளிச்சேர்க்கை. சூப்பர் மேல், விஸ் பார்வை, சூப்பர்வைசர் மேற்பார்வையாளர். கலைச்சொல்லாக்கம் இங்கே நேற்று தொடங்கியது இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்கினார். அங்கிருந்து எத்தனையோ பேர் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் பிரித்துப் பார்த்துத்தான் தமிழ்ச்சொல்லைக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் நடந்து வந்த வழியிலேயே நம் பிள்ளை திரும்பி நடந்தால் ஆங்கிலச் சொல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கை தெரிந்த பிள்ளைக்குப் போட்டோகிராப் பாதி தெரியும், சிந்தெடிக் நூலும் பாதி தெரியும்.

விவசாயிக்கு இது சுலபமாகப் பிடிபடுகிறது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்களுக்கு டப்பாவில் இருக்கும் ஆங்கிலம் உயிர்ப்பிரச்சினை. இன்செக்டிசைட் பூச்சிக்கொல்லி, ஃபங்கிசைட் பூஞ்சைக்கொல்லி, ஹெர்பிசைட் களைக்கொல்லி. மூன்றுக்கும் பொது கடைசித் துண்டு. சைட் என்றால் வெட்டு, கொல். களைக்கொல்லியை மாற்றி அடித்துக் கொடியெல்லாம் கருகிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவரும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வாத்தியாரய்யா, சூசைடும் இதுதானா?” என்றார். ஆமாம் என்றேன். தன்னைத் தானே. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சை மாற்ற, டிசைட் என்பதிலும் அதே வேர்தான் என்றேன். வெட்டி முடிப்பது, முடிவு செய்வது. “அறுதியா சொல்லுன்னு சொல்றோம்ல, அது மாதிரி” என்றார் அவர். நான் அப்படி யோசித்ததே இல்லை. அறுதி, அறு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ரோமன் வெட்டி முடிவெடுத்தான், தமிழன் அறுத்து முடிவெடுத்தான். அந்தத் திண்ணையில் அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் கூலிவேலைக்குப் போகிறவர்கள்கூட வயிற்றைக் கட்டிப் பிள்ளையை ஆங்கிலவழியில் சேர்க்கிறார்கள். அவர்கள் ஆசையில் தப்பில்லை. ஆங்கிலம் வேண்டும், எனக்கும் அதில்தான் சோறு. ஆனால் வந்து சேரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். போட்டோசிந்தசிஸ் என்று சரியாக எழுதுகிறது, எழுத்துக்கூட்டல் பிசகுவதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறது. தமிழ்ப் பாடத்தில் பகுபத உறுப்பிலக்கணத்தை விட்டுவிட்டு வேறு கேள்வியை எழுதித் தேறிவிடுகிறது. இரண்டு மொழியிலும் சொல்லைத் திறக்காமலே பள்ளியைவிட்டு வெளியேறுகிறது. தமிழ்வழிப் பிள்ளையோ கையில் சாவியோடு நின்றுகொண்டு தனக்கு ஆங்கிலம் வராது என்று அழுகிறது. இந்த அழுகையை நான் அழுதிருக்கிறேன். அது தேவையில்லாத அழுகை.

தமிழாசிரியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் நாளில், படித்தான், வந்தான் என்று எழுதிய பிறகு, அதே கரும்பலகையில் அதற்குக் கீழே ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர் போதும், எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்தது, ஊருக்கு வெளியே நிற்கிறது. பகுதி எது, முன்னால் ஒட்டியது எது, விகுதி எது என்று கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். பக்கத்து வகுப்பு ஆங்கில ஆசிரியரையும் அன்று உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.